மலர் வளையம் இருக்கட்டும்... ஒரு திண்ணை கிடைக்குமா?



நம் ஒர்க்‌ஷாப் ஸ்டோர் ரூமில் ஒரு பெரிய ரிஜிஸ்டர் இருக்கிறது. லேத், டிரில்லிங் மெஷின், பெஞ்ச் வைஸ், மல்டிமீட்டர் என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு வரி உண்டு. வாங்கிய தேதி, விலை, இப்போதைய நிலைமை. இனி உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று ஆகிவிட்டால் 'கண்டெம்' என்று எழுதி ஓரம் கட்டிவிடுவார்கள். அப்புறம் ஏலம். பழைய இரும்புக் கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துக்கொண்டு போவார். லேத்துக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

ஆனால் இதே மாதிரி ஒரு ரிஜிஸ்டரில், ரத்தமும் சதையுமாக மூச்சு விடுகிற ஒன்றின் பெயர் இருந்தால்?

கற்பனை இல்லை நண்பர்களே. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் சுமார் 4,000 நாய்களை வேலைக்கு வைத்திருந்தது. கண்ணிவெடியை முகர்ந்து சொல்லி, பதுங்கியிருந்த எதிரியைக் காட்டிக்கொடுத்து, எத்தனையோ சிப்பாய்களின் உயிரைக் காத்தவை அவை. போர் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். நாய்கள்? 'உபரித் தளவாடம்' என்று கணக்கெழுதி அங்கேயே விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவை சுமார் 200 தான். தளவாடம் என்றால் நம்ம பாஷையில் லேத், டிரில்லிங் மெஷின்!

"அமெரிக்காக்காரன் கதை நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் நம் பெரம்பலூர், அரியலூர் வரைக்கும் வருகிறது.

நம்ம ஊர் மோப்பக்காரர்கள்

நம் இரண்டு மாவட்டக் காவல் துறையிலும் மோப்ப நாய்ப் பிரிவு உண்டு. ஒரு கொலை, ஒரு கொள்ளை என்றால் கைரேகை நிபுணரோடு கூடவே வந்து இறங்குவது மோப்ப நாய்தான். கலெக்டர் ஆபீசுக்கு வெடிகுண்டு மிரட்டல் என்றாலும், குடியரசு தின விழா மைதானம் என்றாலும், பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றாலும், முதலில் உள்ளே போவது அதன் மூக்கு. நமக்கு மூக்கில் வாசனை அறியும் செல்கள் ஐம்பது அறுபது லட்சம் என்றால், நாய்க்கு இருபது கோடிக்கும் மேல் என்கிறார்கள். அந்த வேலையைச் செய்ய இன்றைக்கும் எந்த எலக்ட்ரானிக்ஸ் டிப்பார்ட்மெண்டாலும் அதே அளவு நம்பகமான ஒரு கருவியைச் செய்து கொடுக்க முடியவில்லை.

இது வெறும் அலங்காரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1987 மார்ச்சில், அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் வெடித்த குண்டில் மலைக்கோட்டை விரைவு ரயில் கவிழ்ந்து பல உயிர்கள் போனதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். போதாதற்கு, இது சுண்ணாம்புக்கல்லும் கருங்கல்லும் வெட்டுகிற பூமி. குவாரி இருக்கிற இடத்தில் வெடிமருந்தும் இருக்கும். அது தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாய்க்குட்டியைச் சில மாதக் குழந்தையாக எடுத்து, ஆறு மாதத்துக்கும் மேலாகப் பயிற்சி கொடுத்து, வேலைக்கு அனுப்புகிறார்கள். அதற்கென்று ஹேண்ட்லர் ஒருவர் இருப்பார். அவர் கையால்தான் சாப்பாடு. அவர் சொன்னால்தான் உட்காரும், எழுந்திருக்கும். வெளியாள் நீட்டுகிற கறித்துண்டைக் கூடத் தொடாது; அப்படிப் பழக்கியிருப்பார்கள். எட்டு முதல் பத்து வயதுக்குள் மூட்டு தேய்கிறது, கண்ணில் புரை விழுகிறது, மூக்கின் கூர்மை குறைகிறது. ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். சரிதான். ஆனால் அதற்கு அப்புறமும் இரண்டு வருஷமோ நாலு வருஷமோ அது உயிரோடு இருக்குமே... அந்த வருஷங்கள் யாருடைய கணக்கு?

இதுதான் என் கேள்வி.

செத்த நாய்க்குச் சிலை, இருக்கிற நாய்க்கு?

தமிழன் நாயை மதிக்கத் தெரியாதவன் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் சண்டையில் விழுந்துபட்டான். அவன் வளர்த்த நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து, அங்கேயே காவல் நின்றதாம் அந்த நாய். வீரனோடு நாயையும் கல்லில் செதுக்கி, அதன் பெயரையும் எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1,400 வருஷத்துக்கு முன்னால்! பெயர் தெரியாத மனிதர்கள் லட்சம் பேர் மறைந்து போன காலத்தில், ஒரு நாயின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது.

அந்த வழக்கம் இன்றைக்கும் விட்டுப் போகவில்லை. 1993-ல் பம்பாய் தொடர் குண்டுவெடிப்பின் போது ஜஞ்சீர் என்ற லேப்ரடார் 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அது வெடித்திருந்தால் எத்தனை ஆயிரம் பேரோ! எலும்புப் புற்றுநோயால் அவதிப்பட்டு 2000 நவம்பரில் அது இறந்தபோது முழுக் காவல் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். நம் தமிழ்நாட்டிலும் மாவட்ட மோப்ப நாய் இறந்தால் மலர் வளையம், துப்பாக்கிக் குண்டுகள் முழங்க இறுதி மரியாதை, மறுநாள் பேப்பரில் போட்டோ. பார்த்திருப்பீர்கள்.

இதைக் குறை சொல்லவில்லை. நல்ல காரியம். ஆனால் ஒன்று யோசியுங்கள். மலர் வளையத்துக்கு ஒரு நாள் செலவு போதும். அந்த நாய்க்கோ அது தெரியப் போவதும் இல்லை. வயசான காலத்தில் நிழலில் ஒரு திண்ணை, வேளைக்குச் சாப்பாடு, வலிக்கு மருந்து, பழகிய குரல் ஒன்று... இது ஒரு நாள் வேலை இல்லை, தினமும் செய்ய வேண்டிய வேலை. அதனால்தான் நமக்கு அது கஷ்டமாக இருக்கிறது. நாம் விழாவுக்கு வருகிற ஆட்கள். விழா முடிந்தபின் பெஞ்ச் தூக்கிப் போட ஆள் தேட வேண்டியிருக்கிறது, இல்லையா?

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் ராபி என்று ஒரு ராணுவ நாய். ஓய்வு பெறும் வயதில் அதன் ஹேண்ட்லர் "நான் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன்" என்று கேட்டார். சட்டத்தில் இடமில்லை என்றார்கள். விஷயம் நாடாளுமன்றம் வரை போய், 2000 நவம்பரில் ஓய்வு பெற்ற ராணுவ நாய்களைத் தத்துக் கொடுக்க வழிவகுக்கும் சட்டம் கையெழுத்தானது. ராபியின் பெயராலேயே அந்தச் சட்டத்தை அழைக்கிறார்கள். ஆனால் ராபிக்கு அது பயன்படவில்லை. உடல்நிலை மோசமாகி 2001 தொடக்கத்திலேயே அதன் கதை முடிந்துபோனது. சட்டம் வந்தது, நேரத்துக்கு வரவில்லை!

நம் நாட்டில்? 2015-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்ட கேள்விக்கு வந்த பதில் நாட்டையே அதிர வைத்தது. வேலைக்கு லாயக்கற்றுப் போன ராணுவ நாய்கள் கருணைக்கொலை செய்யப்படுகின்றன என்பதே அந்தப் பதில். விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பிறகுதான் கொல்வதை விட்டுப் பராமரிக்கவும் தத்துக் கொடுக்கவும் வழி தேடினார்கள்.

2019-ல் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. டெல்லி மெட்ரோ ரயிலில் வேலை பார்த்த ஏழு மோப்ப நாய்களுக்கு மத்திய தொழில் பாதுகாப்புப் படை, பதக்கமும் நினைவுப் பரிசும் கொடுத்து, விழா எடுத்து, ஒரு தொண்டு நிறுவனத்தின் பொறுப்பில் ஒப்படைத்தது. பக்கத்து மாநிலமான கேரளத்தில், திருச்சூர் போலீஸ் அகாடமியில் ஓய்வு பெற்ற காவல் நாய்களுக்கென்றே 'விஸ்ராந்தி' என்ற முதியோர் இல்லத்தைத் திறந்தார்கள்.

ஆக, மனசு இருந்தால் வழி இருக்கிறது.

"மனுஷனுக்கே இல்லை, நாய்க்கா?"

இந்த விஷயத்தை ஹாஸ்டலில் எடுத்தால் முதல் கேள்வி இதுதான் வருகிறது. "எங்கப்பா இருபது வருஷமா கான்ட்ராக்ட் லேபர். அவருக்கே பென்ஷன் இல்ல. நாய்க்குப் பென்ஷன் கேக்க வந்துட்டியா?" என்கிறார்கள். கோபம் நியாயமானது. நான் அதைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் ஒன்று சொல்வேன். உழைப்பை வாங்கிக்கொண்டு, உழைத்த உடம்பைத் தெருவில் விடுவது என்ற பழக்கம் இருக்கிறதே, அது நாய், மனுஷன் என்று பார்த்து நடப்பதில்லை. ஒரு இடத்தில் அது சரி என்று ஒத்துக்கொண்டால் அடுத்த இடத்திலும் வந்து நிற்கும். உங்கள் அப்பாவுக்காகக் கேட்கிற அதே நியாயத்தைத்தான் வாயில்லா ஜீவனுக்கும் கேட்கிறேன். அதற்குச் சங்கம் வைக்கத் தெரியாது, நமக்குத் தெரியும்.

இரண்டாவது கேள்வி: "தெரு நாய்த் தொல்லையே தாங்க முடியல, இதுல இது வேறயா?" 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தெரு நாய் விஷயத்தில் உத்தரவு போட்டு, பதினைந்து நாளுக்குள் திருத்தியும் எழுதியது. அவ்வளவு சிக்கலான பிரச்சினை அது. ஆனால் இதையும் அதையும் குழப்பக்கூடாது. இங்கே நாம் பேசுவது தடுப்பூசி போட்ட, பயிற்சி பெற்ற, விரல் விட்டு எண்ணக்கூடிய நாய்களைப் பற்றி. ஒரு மாவட்டத்தில் ஒரு வருஷத்தில் ஒன்றோ இரண்டோ ஓய்வு பெறும். இரண்டு மாவட்டமும் சேர்ந்து இந்தச் சின்னக் கணக்கைக் கூடத் தீர்க்க முடியாதா?

மூன்றாவது: "ஹேண்ட்லரே வெச்சுக்கலாமே?" ஆமாம், முதல் உரிமை அவருக்குத்தான். ஆனால் அவரும் நம்மைப் போல நடுத்தரக் குடும்பம்தான். போலீஸ் குவார்ட்டர்ஸில் இரண்டு அறையில், முப்பது கிலோ எடையுள்ள கிழ நாய் ஒன்றை வைத்துக்கொண்டு, சம்பளத்தில் அதற்குக் கறியும் மருந்தும் வாங்கு என்றால், அது அவருடைய பாசத்துக்கு நாம் போடுகிற அபராதம் இல்லையா? நாளைக்கு அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரலாம். அவர் கைக்கு இன்னொரு இளம் நாய் வரலாம். பாசம் அவருடையது. செலவு துறையுடையதாக இருக்க வேண்டும்.

எந்த வீடு நல்ல வீடு?

சரி, ஹேண்ட்லரால் முடியவில்லை. தத்துக் கொடுக்கலாம் என்று அறிவித்தால் நம் ஊரில் ஆள் வராமல் போகாது. வருவார்கள். ஆனால் எதற்கு வருவார்கள் என்று பார்க்க வேண்டும்.

"போலீஸ் நாயாம்ல... பட்டறைக்குக் காவல் போட்டா எவனும் கிட்ட வரமாட்டான்!" பெரம்பலூர்ப் பக்கம் விதைக்கு எடுத்து வைத்த சின்ன வெங்காயம் பட்டறையோடு திருடு போகிற கவலை விவசாயிக்கு எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும். அரியலூர்ப் பக்கம் லாரி ஷெட்டுக்கும் கிரஷருக்கும் காவல் வேண்டும். ஆனால் வெடிமருந்தைக் கண்டுபிடிக்கப் பழகிய நாய் குரைக்காது! வாசனை தெரிந்தால் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். அதுதான் அதன் பாடம். குரைத்தால், பிறாண்டினால், குண்டு வெடித்துவிடுமே! அதைக் கொண்டுபோய்ப் பட்டறையில் சங்கிலி போட்டுக் கட்டினால் திருடனும் பிடிபட மாட்டான், நாயும் பிழைக்காது. மூட்டுவலிக்காரக் கிழவனை நைட் வாட்ச்மேன் ஆக்கின கதைதான்.

இன்னொன்று. அந்த நாய்க்குத் தான் ஓய்வு பெற்றுவிட்டது என்று தெரியாது. அதைப் பொறுத்தவரை வேலை என்பது விளையாட்டு. சரியாகக் கண்டுபிடித்தால் ஹேண்ட்லர் பந்து தருவார். அந்தப் பந்துக்காகத்தான் அத்தனை ஓட்டமும். திடீரென்று பந்தும் இல்லை, பழகின ஆளும் இல்லை, புது வாசல், புது மனுஷர்கள் என்றால் சில நாள் சாப்பிடாது. வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். தீபாவளிக்கு உங்கள் வீட்டுப் பட்டாசுப் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் கம்மென்று உட்கார்ந்து, 'கண்டுபிடிச்சுட்டேன், பந்து எங்கே?' என்பது போல உங்கள் முகத்தைப் பார்க்கலாம். அப்போது சிரிக்காமல் ஒரு பந்தைத் தூக்கிப் போடத் தெரிந்தவர் வீடுதான் நல்ல வீடு.

பகலில் யாராவது வீட்டில் இருக்க வேண்டும். சுற்றுச்சுவர், நிழல், தண்ணீர் வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டு, லேப்ரடாருக்கெல்லாம் அடர்ந்த ரோமம். நம் சித்திரை வெயிலுக்குப் பிறந்தவை இல்லை. தாவிப் பிடிக்கப் பழகிய நாய் என்றால் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். முக்கியமாக, அதிகம் செலவு வைக்கிற கடைசி வருஷத்தில் கைவிடாத வீடாக இருக்க வேண்டும்.

இந்தப் பாடத்தை நாம் வெளிநாட்டில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. நம் கிராமங்களில் ஆட்டுக்கிடை போடுகிறவர்களைப் பாருங்கள். அவர்கள் நாயும் பழக்கப்பட்ட நாய்தான், வேலைக்கார நாய்தான். வயதாகி மந்தை பின்னால் ஓட முடியாமல் போனால் கிடை ஓரத்தில் படுத்துக்கொள்ளும். அதற்கு யாரும் ஓய்வு உத்தரவு அடித்துக் கொடுப்பதில்லை; கஞ்சி ஊற்றுவதையும் நிறுத்துவதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

பேசிவிட்டுப் போவது சுலபம். டிப்ளமோ படிக்கிறவன் கையால் வேலை செய்யத் தெரிந்தவன். எனவே சில யோசனைகள்.

ஒன்று. நம் மாணவர் பேரவை சார்பில் இரண்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம் கொடுப்போம். ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே வீடு தேடத் தொடங்க வேண்டும். முதல் உரிமை ஹேண்ட்லருக்கு. வீடு மாறினாலும் சாகும் வரை மருத்துவச் செலவு அரசுடையது. முதல் ஒரு மாதம் பரீட்சார்த்தம். ஒத்துவராவிட்டால் துறையே திரும்ப எடுத்துக்கொள்ளும். நாயோடு அதன் தடுப்பூசி அட்டை, நோய்க் குறிப்பு, பழகிய கட்டளைச் சொற்கள், சாப்பாட்டு நேரம் எல்லாம் எழுதிய ஒரு ஃபைலும் போக வேண்டும். மெஷினுக்கே மேனுவல் இருக்கிறது, நாய்க்கு வேண்டாமா?

இரண்டு. என்.எஸ்.எஸ். மாணவர்கள் வளர்க்க விருப்பமுள்ள வீடுகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கலாம். கால்நடை மருத்துவரை உடன் அழைத்துப் போய் நேரில் பார்க்கலாம். கொடுத்த பிறகும் மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். பெரிய சிகிச்சை என்றால் பெரம்பலூருக்கு நாமக்கல்லும், அரியலூருக்கு ஒரத்தநாடும் தூரமில்லை. இரண்டு ஊரிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மூன்று. இது நம் சப்ஜெக்ட். சிவில் நண்பர்கள் வயதான நாய்க்கு ஏற்ற கொட்டகை ஒன்றுக்கு டிராயிங் போடுங்கள்: வழுக்காத தரை, படிக்குப் பதில் சாய்தளம், மேற்கு வெயில் படாத சுவர். மெக்கானிக்கல் நண்பர்களே, பின்னங்கால் தளர்ந்த நாய்க்கு இரண்டு சின்னச் சக்கரம் வைத்த வண்டி ஒன்றை ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிற பைப்பில் வெல்டிங் பண்ண முடியாதா? ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு எதை எதையோ தேடி அலைகிறோமே!

நான்கு. ஆண்டு விழாவில் பட்டாசுக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் செலவு செய்கிறோம். அதில் ஒரு பங்கை ஒதுக்கினால் ஒரு நாயின் மூட்டுவலி மாத்திரைக்கு ஆகும். கைதட்டல் கிடைக்காது. வால் ஆட்டல் கிடைக்கும்.

தோழர்களே! நாளைக்கு நாமும் ஏதோ ஒரு கம்பெனி ரிஜிஸ்டரில் ஒரு வரியாகப் போகிறவர்கள்தான். டோக்கன் நம்பர், சேர்ந்த தேதி, சம்பளம். கை ஓய்ந்த பிறகு அந்த வரிக்கு நேரே என்ன எழுதுவார்கள் என்று நமக்கு இப்போது தெரியாது. ஆனால் வேலை செய்து களைத்த ஒரு உயிரை எப்படி நடத்துவது என்ற பழக்கத்தை இன்றைக்கே நாம் தொடங்கலாம். கோவிவனுக்குக் கல் நட்ட மண்ணின் பிள்ளைகள் நாம். உயிரோடு இருக்கிற கோவிவனுக்கு நம் வீட்டுத் திண்ணையில் ஒரு சாக்கு விரித்துப் போட முடியாதா?

முடியும் என்று நினைப்பவர்கள் பேரவை அறைக்கு வாருங்கள். விண்ணப்பத்தை எழுத ஆரம்பிப்போம்.